சாக்கடல் கரையில் விழுந்த பள்ளமும் பாகூர்க் கிணற்றின் உப்பும்

1/ போன மாசம் ஓ.பி.யில் ஒரு பெரியவர் வந்தார். பாகூர் கொம்யூன், கடலோரக் கிராமம். மாசாமாசம் பி.பி. மாத்திரைக்கு வருபவர். சீட்டை நீட்டுறதுக்கு முன்னாடி போனை நீட்டினார். பேரன் அனுப்பின வீடியோ: ஒரு நீர்க்கரை, வரிசையா பெரிய பெரிய பள்ளம், அதுல ஒண்ணுக்குள்ள பாதி ரோடு. "டாக்டர் தம்பி, நம்ம ஊரும் இப்படி உள்ள போயிடுமா?"

2/ "இல்லீங்க ஐயா, அது சாக்கடல். இஸ்ரேல், ஜோர்டான் பக்கம். நமக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். வெளியில இருபது பேர் காத்திருந்தாங்க. ராத்திரி படுத்தப்பதான் உறைச்சது, நான் சொன்னது பாதி பதில். மீதிப் பாதிதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வாங்க.

3/ முதல்ல சாக்கடல். பேருதான் கடல், உண்மையில் அது ஒரு உப்பு ஏரி. ஜோர்டான் ஆறு உள்ளே வரும், வெளியே போக வழியில்லை. வெயிலில் தண்ணி ஆவியாகும், உப்பு தங்கும். இப்படியே பல்லாயிரம் வருஷம். சாதாரணக் கடல் தண்ணியைவிட கிட்டத்தட்ட பத்து மடங்கு உப்பு. மனுஷன் அதுல மூழ்க மாட்டான், மிதப்பான்.

4/ 1930களில் அந்த ஏரியின் மட்டம் கடல் மட்டத்துக்கு சுமார் 390 மீட்டர் கீழே இருந்தது. இன்னிக்கு 430 மீட்டரையும் தாண்டிக் கீழே போயிடுச்சு. இப்பவும் வருஷத்துக்கு ஒரு மீட்டர் கணக்கில் இறங்குது. பழைய படகுத்துறையில் நின்னு பார்த்தா தண்ணி எங்கேயோ தூரத்தில் தெரியும்.

5/ ஏன் வத்துச்சு? மழை பொய்த்ததால் இல்லை. 1960களில் இஸ்ரேல் தன் தேசிய நீர்க்குழாய்த் திட்டத்துக்கு ஜோர்டான் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து தண்ணியை எடுத்தது. அதே காலத்தில் ஜோர்டான் நாடு யார்முக் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டியது. சிரியா அணைகள் கட்டியது. ஏரிக்கு வந்துக்கிட்டிருந்த ஆற்று நீர் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போச்சு.

6/ அது போதாதுன்னு, தெற்குப் பக்கம் ரெண்டு நாட்டு பொட்டாஷ் ஆலைகளும் ஏரித் தண்ணியைப் பாத்தி பாத்தியா தேக்கி ஆவியாக்கி உரத்துக்கான உப்பு எடுக்குறாங்க. நம்ம மரக்காணம் உப்பளம் மாதிரிதான், அளவு மட்டும் பிரம்மாண்டம். யாரும் ஏரியைக் கொல்லணும்னு நினைக்கலை. ஆளாளுக்கு தங்கள் வயலுக்கும் வீட்டுக்கும் ஆலைக்கும் எடுத்தாங்க. அவ்வளவுதான்.

7/ 1980கள் வாக்கில் கரையில் முதல் பள்ளங்கள் தெரிய ஆரம்பிச்சது. அப்போ அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. 1990களுக்கு அப்புறம் எண்ணிக்கை எகிறியது. இன்னிக்கு மேற்குக் கரையில் மட்டும் 6000க்கும் மேல். எய்ன் கெதி என்ற ஊரின் பேரீச்சந்தோப்பில் ஒரு பகுதியைக் கைவிட்டாங்க, கடற்கரையை மூடிட்டாங்க, 2015இல் நெடுஞ்சாலையின் ஒரு துண்டையே மூடிட்டாங்க. எதிர்க்கரையில் ஜோர்டான் விவசாயிகளின் தக்காளி வயல்களும் உள்ளே போச்சு.

8/ எலி ராஸ்னு ஒரு நிலவியலாளர். இந்தப் பள்ளங்களையே ஆராய்ச்சி பண்ணவர். ஒருநாள் ஒரு சின்ன ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கிட்டிருக்கும்போது காலடி மண்ணே வாயைத் திறந்தது. முப்பது அடிப் பள்ளம். கையில் இருந்த பழைய தபால் அட்டையில் உயில் எழுதிட்டு உட்கார்ந்திருந்தாராம். 14 மணி நேரம் கழிச்சுதான் ஆட்கள் வந்து தூக்கினாங்க. விஷயம் தெரிஞ்ச ஆளுக்கே அந்தக் கதின்னா, மேலிருந்து பார்த்தா எதுவும் தெரியாதுன்னு அர்த்தம்.

9/ இப்ப முக்கியமான கேள்வி. தண்ணி வத்தினா தரை காயணும். ஏன் இடிஞ்சு விழுது? பதில் தரைக்குக் கீழே சுமார் 20 முதல் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கு. அங்கே ஒரு உப்புப் பாறைத் தட்டு. ஏறக்குறைய 10,000 வருஷத்துக்கு முன்னாடி ஏரி ஒருமுறை சுருங்கினப்போ படிஞ்ச உப்பு. அப்புறம் அதுமேல ஆறு கொண்டுவந்த மண்ணும் கூழாங்கல்லும் மூடிடுச்சு.

10/ உப்பு தண்ணியில் கரையும்தானே, இத்தனை காலம் ஏன் கரையலை? வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணியில் உப்பு போட்டுக்கிட்டே இருங்க. ஒரு கட்டத்துக்கு மேல் கரையாது, அடியில் தங்கும். சாக்கடல் கரையின் நிலத்தடி நீர் அப்படிப்பட்ட நிறைஞ்ச உப்புத் தண்ணி. அதுக்குள்ள ஊறிக்கிட்டிருந்த உப்புத் தட்டு கரைய இடமே இல்லை. உப்புதான் உப்பைக் காப்பாத்திக்கிட்டு இருந்தது.

11/ ஏரி மட்டம் இறங்கினதும் கரைக்குக் கீழே இருந்த உப்புத் தண்ணியும் கூடவே ஏரிப் பக்கம் பின்வாங்கிடுச்சு. அது விட்ட இடத்துக்கு மலைப் பக்கத்திலிருந்து நல்ல தண்ணி வந்தது. நல்ல தண்ணிக்கு உப்பு கரைக்கும் பசி உண்டு. தட்டை அரிச்சது. குகை ஆச்சு. கூரை மெலிஞ்சது. ஒருநாள் பொத்துனு விழுந்தது.

12/ வயிற்றுப்புண் ஓட்டை விழுந்து ஓடிவரும் நோயாளியை எங்களுக்குத் தெரியும். "நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன் சார்"னு சொல்வார். அவரைப் பொறுத்தவரை உண்மை. ஆனா புண் எத்தனையோ நாளா சுவரை அரிச்சுக்கிட்டே இருந்திருக்கும். சாக்கடலில் பள்ளம் விழுந்தது ஒரு நொடியில். நோய் வந்தது 1960களில்.

13/ சரி, நம்ம ஊர். வில்லியனூர், பாகூர் பக்கம் அப்படி உப்புப் பாறைத் தட்டு கிடையாது. மேலே ஆற்று வண்டல், அதுக்குக் கீழே கடலூர் மணற்கல், அதுக்கும் கீழே பழைய கடல் படிவுகள். துத்திப்பட்டு பக்கம் சுண்ணாம்புக்கல் உண்டு. ஆனா சுண்ணாம்புக்கல் கரையுற வேகமும் உப்பு கரையுற வேகமும் ஒண்ணு கிடையாது. அதனால் சாக்கடல் மாதிரிப் பள்ளம் விழுமான்னா, இல்லை. பெரியவர்கிட்ட நான் சொன்னது அந்த அளவுக்கு சரி.

14/ (சுண்ணாம்புக்கல்லிலும் பள்ளம் விழும், மறுக்கலை. 2015 கடைசியில் ஆந்திராவின் கடப்பா பக்கம் வயல்களில் திடீர் திடீர்னு பள்ளம் விழுந்து ஊரே பயந்துபோச்சு. கீழே சுண்ணாம்புக்கல் குகைகள். வருஷக்கணக்கா போர் போட்டு உறிஞ்சதில் குகைத் தண்ணி காலி. அப்புறம் பேய்மழை. தாங்கிக்கிட்டிருந்த தண்ணி இல்லை, மேலே ஈர மண்ணின் பாரம்.)

15/ மீதிப் பாதி பதில் இங்கேதான் ஆரம்பிக்குது. சாக்கடல் கதையின் உயிர் பள்ளத்தில் இல்லை. நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் நடுவில் தரைக்குக் கீழே ஓடுற ஒரு எல்லைக்கோட்டில் இருக்கு. அந்தக் கோடு பாகூருக்கும் உண்டு. அங்கே அது ஏரியைப் பார்த்து நகர்ந்தது. இங்கே அது ஊரைப் பார்த்து நகருது.

16/ இனி வரலாறு. 1870களின் கடைசி. பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியில் சவானா ஆலைக்காக ஆழமா துளை போட்டாங்க. தண்ணி தானாகவே பொங்கி மேலே வந்தது. மோட்டார் இல்லை, ஏத்தம் இல்லை, கவலை இல்லை. இதுதான் ஆர்ட்டீசியன் கிணறு. பிரிட்டிஷ் இந்தியா காதில் விழுந்து, 1880இல் நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினார். மெட்ராஸுக்கும் இப்படித் தண்ணி கிடைக்குமான்னு அவருக்குக் கேள்வி.

17/ தண்ணி ஏன் தானா பொங்குது? கடலூர் மணற்கல் மேற்கே செம்மண் மேடுகளில் வெளியே தெரியும். மழை அங்கே இறங்கும். அங்கேயிருந்து தட்டு கடலை நோக்கிச் சரிஞ்சு, களிமண் மூடிக்குக் கீழே போகும். மேட்டுத் தண்ணியின் அழுத்தம் மொத்தமும் பள்ளத்தில் சேரும். மூடியில் ஒரு ஓட்டை போட்டா பீய்ச்சும். நரம்பில் ஊசி குத்தினா ரத்தம் மெதுவா கசியும், தமனியில் குத்தினா பீய்ச்சும். அதே கணக்கு. பூமிக்கும் பி.பி. உண்டு.

18/ 1880களில் பாகூரிலும் துளை போட்டாங்க. போய்லேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். தண்ணிக்குத் தோண்டினவருக்குப் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அன்னிக்கு அது பெரிய வேலைக்கு ஆகலை. ஆனா அந்தத் துளை ரெண்டு கதையைச் சேர்த்துக் கட்டிடுச்சு: நிலக்கரியும் ஆர்ட்டீசியன் தண்ணியும் ஒரே மண்ணின் அடுக்குகள். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணும் அசையும்.

19/ 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டப்போ கறுப்பா ஏதோ வந்ததும், 1956இல் நிறுவனம் உருவானதும், 1957இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்ததும் பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது: நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோட நிக்குற தண்ணி. அதை இராப்பகலா இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத்தின் தரையே பெயர்ந்து மேலே வரும். அதனால 1961லிருந்து இறைச்சுக்கிட்டேதான் இருக்காங்க.

20/ "அப்போ எல்லாம் நெய்வேலியால்தான்"னு முடிச்சிடாதீங்க. நம்ம பங்கையும் சொல்லணும். 1960களுக்கு அப்புறம் கிராமத்துக்கு கரண்ட் வந்தது, மோட்டார் வந்தது. மூணு போகம் நெல், கரும்பு. தோண்டின கிணறு குழாய்க் கிணறு ஆச்சு, அது இன்னும் ஆழமான போர் ஆச்சு. பிறகு ஆலைகள், மனைப் பிரிவுகள், நகரத்துக்குக் குடிநீர். ஆளாளுக்கு தங்கள் வயலுக்கும் வீட்டுக்கும் ஆலைக்கும் எடுத்தோம். இந்த வரியை மேலே 6ஆவது பதிவில் படிச்சிருப்பீங்க.

21/ போர் வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்தது? ஏரி. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். பெருசு ஊசுட்டேரி, சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியா தண்ணி வரும். அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியா நிறையும். பங்காரி, சிங்காரின்னு ரெண்டு பெண்கள் வாய்க்கால் வெட்டின கதையை பாகூர்ப் பக்கம் பாட்டிமார்கள் இன்னும் சொல்வாங்க.

22/ பிரெஞ்சு ஆட்சியில் ஏரிப் பாசனத்துக்குன்னு விவசாயிகள் சங்கங்கள் இருந்தது. யார் மடை திறக்கணும், யார் தூர் வாரணும், யாருக்கு எவ்வளவு தண்ணி, எல்லாம் அவங்க பொறுப்பு. 1954 இணைப்புக்கு அப்புறம் அந்தச் சங்கங்கள் மங்கி, ஏரி அரசாங்கத்தின் சொத்தாச்சு. அதே நேரத்தில் மோட்டாரும் வந்தது. தன் கொல்லையிலேயே பட்டனை அமுக்கினா தண்ணி வர்றவர் எதுக்கு ஏரிக்கரைக்குக் கூடைத் தூக்கிட்டு வரப்போறார்?

23/ இங்கே நாம ஒரு விஷயத்தைத் தவறவிட்டோம். ஏரின்னா வயலுக்குத் தண்ணி விடும் தொட்டின்னு மட்டும் நினைச்சோம். ஆனா ஏரியில் தேங்கின தண்ணி மாசக்கணக்கா கீழே கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தக் கசிவுதான் மேல்தட்டு நிலத்தடி நீரை உசத்தி வெச்சு, கடலைத் தள்ளியே நிறுத்திக்கிட்டிருந்தது. ஏரி ஒரு காவல்காரன். சம்பளம் வாங்காத காவல்காரன்.

24/ இதுக்குக் கணக்கு உண்டு. கடலோர மணலுக்குக் கீழே, எடை குறைஞ்ச நல்ல தண்ணி எடை கூடின உப்புத் தண்ணிமேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும். நெதர்லாந்தில் பாடன் கெய்பன் 1880களின் கடைசியிலும், ஜெர்மனியில் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் எழுதி வெச்ச விதி. பாகூரில் துளை போட்டுக்கிட்டிருந்த அதே காலம்!

25/ இதைத் திருப்பிப் படிங்க. மேலே அரை மீட்டர் குறைஞ்சா, காலப்போக்கில் கீழே 20 மீட்டர் நல்ல தண்ணி போச்சு. நல்ல தண்ணியின் மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போயிட்டா? கடல் உள்ளே வர ஆரம்பிக்கும். அலையா வராது, சத்தம் கேட்காது. மணல் துளைகள் வழியா வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா வரும். (மூடின ஆழத் தட்டுகளில் கணக்கு இவ்வளவு எளிசு இல்லை, ஆனா திசை அதேதான்.)

26/ பக்கத்து உதாரணம் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர். 1960களின் கடைசியில் கடல் நீர் கரையிலிருந்து சில கிலோமீட்டர்தான் உள்ளே வந்திருந்தது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இறைக்க இறைக்க, பிறகு அது பத்து கிலோமீட்டரையும் தாண்டிடுச்சு. நம்ம பக்கம்? மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் மதிப்பீடுகளில் புதுச்சேரிப் பகுதியை 'அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட' வகையில் வெச்சிருக்கு. அதாவது வருஷத்துக்கு உள்ளே இறங்குறதைவிட வெளியே எடுக்குறது அதிகம்.

27/ இப்போ டாக்டரா ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது: பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு போதும். தண்ணியில் லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராம் சோடியம் வரைக்கும் நாக்குக்குப் பெரிசா தெரியாது. அந்தத் தண்ணியை நாளைக்கு 3 லிட்டர் குடிச்சா 600 மில்லிகிராம் சோடியம். உப்புக் கணக்கில் ஒன்றரை கிராம். சாப்பாட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே அன்றைய பங்கில் முப்பது சதவீதம் காலி.

28/ வெயிலில் களை எடுக்குறவங்க, நாத்து நடுறவங்க குடிக்கிறது 3 லிட்டர் இல்லை, 5, 6. காசு இருக்குறவர் கேன் தண்ணி வாங்கிடுவார். இல்லாதவர் போர்த் தண்ணியைத்தான் குடிப்பார். "ஊறுகாயைக் குறைங்க, கருவாட்டைக் குறைங்க"ன்னு நாங்க வாய் ஓயாம சொல்றோம். "எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறீங்க?"ன்னு எத்தனை டாக்டர் கேட்கிறோம்? நானும் பல வருஷம் கேட்டதில்லை.

29/ இது வெறும் யூகம் இல்லை. வங்கதேசத்தின் கடலோர டாகோப் பகுதியில் குடிதண்ணி உப்பானதையும் கர்ப்பிணிகளின் ரத்தக்கொதிப்பையும் சேர்த்துப் பார்த்து 2011இல் ஆய்வு வெளியாச்சு. தண்ணியில் உப்பு ஏறுற வறண்ட மாசங்களில் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு அதிகம். நம்ம பெரியவரின் பி.பி.க்கு தண்ணிதான் காரணம்னு நான் சொல்ல வரலை. வயசு, பரம்பரை, புகையிலை, எல்லாம் இருக்கு. ஆனா தண்ணியை விசாரிக்காம விட்டது என் தப்பு.

30/ உடம்புக்கு மட்டும் இல்லை, மண்ணுக்கும் இதே நோய்தான். உப்புத் தண்ணி பாய்ச்சின களிமண் இறுகும், தண்ணி உள்ளே இறங்காது, நெல் கருகும். கரையிலிருந்து தள்ளி இன்னொரு போர் போடுவார். அங்கேயும் இறைப்பார். கோடு இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். சாக்கடல் கரையில் ஒரு தோப்பைக் கைவிட்டு அடுத்த தோப்புக்குப் போன மாதிரி.

31/ மாத்தவே முடியாதா? முடியும், ஆனா மெதுவா. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் 1970களிலிருந்து கடலோரமா வரிசையா கிணறு போட்டு, சுத்திகரிச்ச தண்ணியை உள்ளே செலுத்திக் கடலைத் தள்ளி நிறுத்துறாங்க. கோடிக்கணக்கில் செலவு. அந்த வேலையின் ஒரு பங்கை நம்ம ஏரிகள் நூற்றாண்டுக்கணக்கா செஞ்சுக்கிட்டிருந்தது. மழையும் புவியீர்ப்பும் மட்டும் போதும்.

32/ இங்கேயும் முயற்சி நடக்காமல் இல்லை. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோட புதுச்சேரியின் 84 ஏரிகளையும் தூர்வாரும் திட்டம் வந்தது. கூடவே ஏரிப் பயனாளிகள் சங்கங்களும் வந்தது. பிரெஞ்சுக் காலத்தில் இருந்ததை வேறு பேரில் திரும்பக் கொண்டுவந்தாங்கன்னே சொல்லலாம். 2002இல் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. தூர் வாருறது ஒருமுறை வேலை இல்லை. ஷேவிங் மாதிரி, செஞ்சுக்கிட்டே இருக்கணும்.

33/ சாக்கடலுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே வியாதி சத்தமா வந்தது. ரோடு விழுந்தது, படம் எடுத்தாங்க, உலகமே பார்த்தது. நம்ம வியாதிக்குப் படம் கிடையாது. பள்ளம் விழுந்தா ஓடுவோம். கிணறு உப்பானா "தண்ணி சப்புனு இருக்கு"ன்னு சொல்லிட்டுக் கேன் வாங்குவோம். ரத்தக்கொதிப்பும் அப்படித்தான். வலிக்காத வியாதியைத்தான் நாங்க அதிகம் பயப்படுவோம்.

34/ செய்யக்கூடியது: கடலோரத்தில் போர்த் தண்ணி குடிக்கிறவங்க வருஷத்துக்கு ரெண்டு முறை, கோடையில் ஒண்ணு, மழைக்குப் பிறகு ஒண்ணு, தண்ணியைப் பரிசோதனை பண்ணுங்க. குளோரைடு, சோடியம், மொத்த உப்பு மூணும் கேளுங்க. வீட்டில் பி.பி. நோயாளியோ கர்ப்பிணியோ இருந்தா ரிப்போர்ட்டை உங்க டாக்டரிடம் காட்டுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, கூட்டாதீங்க. ஏரி வாய்க்காலில் குப்பை கொட்டுறவரைப் பார்த்தா, அவர் உங்க குடத்தில் உப்பைக் கொட்டுறார்னு நினைச்சுக்கோங்க.

35/ இந்த மாசம் பெரியவர் திரும்ப வந்தார். "ஐயா, போன தடவை அரைப் பதில்தான் சொன்னேன். நம்ம ஊர் உள்ளே போகாது. ஆனா கடல் உள்ளே வருது"ன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "அது எனக்குத் தெரியும் தம்பி. எங்கப்பா காலத்துல அந்தக் கிணத்துல பருப்பு வேகும். இப்ப வேகறதில்ல. அதான் அந்தப் படத்தைப் பார்த்து பயந்தேன்." நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை அவர் அடுப்படியில் தெரிஞ்சு வெச்சிருக்கார்.

36/ அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க: நம்ம கிணத்துல எந்த வருஷம் வரைக்கும் பருப்பு வெந்தது? எந்த வருஷம் தண்ணி மாறுச்சு? ஊர் பேரு, வருஷம் ரெண்டையும் கீழே எழுதுங்க. தரைக்குக் கீழே அந்தக் கோடு எங்கே நிக்குதுன்னு அவங்க ஞாபகத்திலும் ஒரு வரைபடம் இருக்கு. அவங்க போறதுக்குள்ள எழுதி வெச்சுக்கலாம்.